ஒரு வாக்கியத்துக்குப் பிறகு

கனகலிங்கம் வாய் திறக்காமல் உட்கார்ந்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

எதிர் நாற்காலியில் உளவியலாளர் ஹெலன். இருவருக்கும் நடுவில், சற்றுப் பின்தள்ளி, மொழிபெயர்ப்பாளர் சிவரூபினி. குட்மேய்ஸ் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த சின்ன அறை அது. கீழே பஸ் நின்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

கனகலிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது, தனி ஆள். இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்திக் காரில் ஏற்றிக்கொண்டுவந்து விடுவார். நான்கு முறை அப்படி வந்தும் ஒரு சொல் பேசவில்லை.

இன்றும் பேசாவிட்டால் அவருடைய சிகிச்சைக் கோப்பை மூடிவிடும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

சிவரூபினிக்கு மௌனத்தில் வேலை இல்லை. அவளுடைய தொழிலுக்கு விதி ஒன்றுதான். பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் நின்று ‘நான்தான் அடித்தேன்’ என்றிருக்கிறாள். பிரசவ அறையில் ‘என்னால் தாங்க முடியவில்லை’ என்றிருக்கிறாள். பதினொரு வருடத்தில் ஒரு சொல் பிசகியதில்லை.

ஹெலன் மடியில் இருந்த அந்தச் சிகிச்சைக் கோப்பை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“இதில் உங்கள் நோய்க்கு மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறார்கள். நீங்களாக வாழ்வது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்குச் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை. நான் இங்கேதான் இருப்பேன்.”

சிவரூபினி அதைத் தமிழில் சொன்னாள். ஓரிடத்தில் குரல் இடறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு முடித்தாள்.

கனகலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“காலமை முழிப்பு வந்தாக் கொஞ்ச நேரம் ஒண்டும் ஞாபகம் இருக்காது, பிறகுதான் எல்லாம் வரும்.”

ஹெலன் சிவரூபினியைப் பார்த்தாள்.

“காலையில் விழிக்கும்போது சிறிது நேரம் எனக்கு எதுவும் நினைவிருப்பதில்லை,” என்று சிவரூபினி ஆங்கிலத்தில் தொடங்கினாள். “பிறகுதான் எல்லாம் வருகிறது. நாள் முழுவதிலும் எனக்கென்று இருப்பது அந்தச் சிறிது நேரம்தான்.

“பிறகு எழுந்து உடுத்திக்கொள்கிறேன். யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்கிறேன். ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முன், கடைகளில் பள்ளிச் சீருடை தொங்கவிடுவார்கள். உள்ளே போய், இந்த வருடம் எந்த அளவு சரியாக இருக்கும் என்று பார்க்கிறேன். சட்டைக் கையின் நீளத்தைப் பிடித்துப் பார்க்கிறேன். பிறகு கொண்டுபோய் இருந்த இடத்திலேயே மாட்டிவிடுகிறேன்.

“எனக்குப் பைத்தியம் இல்லை. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.”



ஹெலனின் கண்கள் கலங்கியிருந்தன. துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கனகலிங்கத்தின் பக்கம் குனிந்து, “அந்த உடையைக் கையில் பிடித்திருக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டாள்.

அதைச் சிவரூபினி தமிழில் சொல்லவில்லை. உதடுகளை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கனகலிங்கம் முப்பது வருடம் மனோர் பார்க் பகுதியில் ஒரு பெற்றோல் போடும் ஷெட்டில் கல்லாவில் நின்றவர். கேட்டால் ஆங்கிலம் எல்லாம் விளங்கும். மனதில் இருப்பதை அந்தப் பாஷையில் சொல்லத்தான் வராது. சற்று முன் அந்த அறையில் சொல்லப்பட்டதில் ஒரு சொல் விடாமல் அவருக்கு விளங்கியிருந்தது.

அவர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பி, சிவரூபினிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். மேசையில் தனக்கென்று வைத்திருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, தங்கச்சி,” என்றார். “உங்கட பிள்ளைக்கு இப்ப எத்தினை வயசு இருந்திருக்கும்?”