பாராட்டு விழா

மகள் மைக்கைக் கையில் வாங்கினாள்.

"நான் மியூசிக்குக்கு வந்ததுக்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம்."

முன்வரிசையில் அவள் அப்பா காலரைச் சரிசெய்துகொண்டார்.

"தனராஜ் மாமா."

அரங்கம் கைதட்டியது. அவரும் தட்டினார்.

தனராஜ் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். நாகர்கோவிலில் ஒரே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர்கள் இருவரும். பழைய ரேடியோக்களைப் பிரித்து, வயர்களைப் பற்றவைத்து, யாரும் அதுவரை கேட்டிராத ஒலிகளை எழுப்பினான் தனராஜ். ஊர் சிரித்தது. பிறகு சினிமா அவனைத் தேடி வந்தது. இன்று கம்ப்யூட்டரில் இசை செய்கிற பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அவர் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்தார்.

தனராஜ் பாட்டைத்தான் கேட்பார்கள். வாசிப்பார்.

மகளை மடியில் வைத்து, கட்டைகள்மேல் அவள் விரல்களைப் பிடித்துவைத்தது அவர்தான்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். சொந்த இசை. முதலில் தரை அதிர்ந்தது. அதற்குமேல் மெல்லிய மெட்டு ஒன்று ஏறி வந்து, தயங்கி நின்று, அப்படியே கரைந்தது.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

இதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

தனராஜ் அவர் பக்கம் சாய்ந்தான். அவனுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வான்.

"எப்பிடிடே வாசிச்சா?"

அவர் மேடையைப் பார்த்தார். பிறகு தனராஜைப் பார்த்தார்.

"சுமார்தான்."

தனராஜ் தலையாட்டினான்.

அடுத்து அவனைப் பேச அழைத்தார்கள். மெதுவாக மேடையேறி, மகளின் தலையில் கை வைத்தான்.

"எனக்குக் காது போச்சு. புள்ள வாசிச்சது ஒண்ணும் கேக்கல. அவ அப்பன்ட்ட கேட்டேன். சுமார்னு சொன்னான்."

முன்வரிசையில் சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"அப்போ ரொம்ப நல்லா இருந்திருக்கும். நான் மொதல்ல மெஷின்ல வாசிச்சப்பவும் இவன் அதத்தான் சொன்னான்."

எல்லோரும் சிரித்தார்கள். தனராஜும் சிரித்தான், அன்பாகவே.

அவரும் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் மேடைக்குப் போனார். அவள் குனிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு, மக்ளே."

"தெரியும்ப்பா."

கீபோர்டுப் பையைத் தூக்க அவர் கை நீட்டினார்.

அவள் அதை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.