தினம் ஒரு பக்கம்

சிவகாசியில் முப்பது வருடம் மேனேஜர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கனகசபாபதி, ஊரின் அச்சுத்தொழில் வரலாற்றைப் புத்தகமாக எழுதி, தன் பழைய கம்பெனியிலேயே அச்சடித்து, புத்தாண்டன்று முதல் பிரதியைச் சம்பந்தி ரத்தினவேலுக்குக் கொடுத்தார். நாற்பது நாள் கழித்துக் கருத்துக் கேட்கப் போனார்.

“படிச்சீகளா சம்பந்தி?”

“காலையில எந்திரிச்சதும் அதுலதான் முழிக்கேன். தினம் ஒரு பக்கம்.”

கனகசபாபதிக்குக் கண் கலங்கியது.

“ஏழாம் பக்கம் எப்படி இருந்துச்சு? அதை எழுத மட்டும் ஆறு மாசமாச்சு. எடுங்க, வாசிச்சுக் காட்டுறேன்.”

“அதை அன்னைக்கே கிழிச்சாச்சே.”

“கிழிச்சீகளா?”

“கிழிக்காம அடுத்த பக்கத்தை எப்படிப் பார்க்க?”

ரத்தினவேல் சுவரைக் காட்டினார். மேலே தகரப் பட்டை அடித்து, அதன் நடுவில் ஓட்டை போட்ட புத்தகம், ஆணியில் இளைத்துப்போய்த் தொங்கியது.

“எந்தக் கூறுகெட்ட பய இதுல ஓட்டை போட்டது?”

“நீங்க கொடுக்கையிலேயே இருந்துச்சு.”

அப்போதுதான் கனகசபாபதிக்கு உறைத்தது. பைண்டிங் எப்படி வேண்டும் என்று கேட்ட கம்பெனி பைண்டர் முனியராஜிடம், “எப்பவும் போலத்தாம்லே” என்று சொன்னவர் அவர்தான். அது தினசரி காலண்டர் கம்பெனி. புத்தகத்தைக் கொடுத்த அன்று அவர் கண்ணுக்கு அந்த ஓட்டை வித்தியாசமாகத் தெரியவே இல்லை.

“புத்தகம் அருமை சம்பந்தி,” என்றார் ரத்தினவேல். “ராகுகாலம் போடாததுதான் ஒரே குறை.”