கடைசித் தட்டு

சமூகக்கூடத்து ஜன்னல் வெயில் நேராக அந்தத் தட்டில் விழுகிறது. குழந்தைகளுக்கு உலகக் கலைகளை இலவசமாகக் காட்டும் விழா முடியப்போகிறது. பக்கத்து மேஜையில் யாரோ அயல்நாட்டு மத்தளத்தை விடாமல் தட்டுகிறார்கள். தட்டிலிருப்பது கடற்பாசிப் பொடி கலந்து கஞ்சிபோல் கெட்டியாக்கிய தண்ணீர். அதனால்தான் சொட்டவிட்ட நீலமும் சிவப்பும் மூழ்காமல் மேலேயே விரிகின்றன. ஊசியால் இழுத்தால் அலை எழும். தாளைப் படுக்கவைத்து எடுத்தால் அலை தாளுக்கு வந்துவிடும். "சோப்புக் கை மட்டும் ஆகாதும்மா, ஒரு துளி பட்டாலும் கலரெல்லாம் ஓடிடும். இதுதான் கடைசித் தட்டு," என்கிறார் கலைக்காரர். ஓரகத்திகள் இருவர் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். வரிசையில் முதலில் இளையவளின் மகள், அடுத்து மூத்தவளின் மகள். "ஓசின்னா முந்திக்கிட்டு வந்துடுவியே," என்கிறாள் மூத்தவள், குழாயடியில் சாயம் கழுவிய கை நுரையோடு. "நீங்க டிக்கெட் வாங்கிட்டா வந்தீங்க, அக்கா?" என்கிறாள் இளையவள். இளையவளின் மகள் அலையை வரைந்து முடித்து, நாக்கைக் கடித்தபடி தாளை இரு முனையிலும் பிடித்திருக்கிறாள். "கெட்டியாத்தான் இருக்கான்னு பாக்குறேன்," என்று மூத்தவள் தட்டின் நடுவில் விரலை வைக்கிறாள். சோப்பு தண்ணீரின் மேல்தோலைத் தளர்த்துகிறது. இறுக்கம் மிச்சமிருக்கும் ஓரங்கள் நிறங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. நடுவில் வழுக்கையாக ஒரு வட்டம். "அடடா, தெரியாமப் பட்டுடுச்சு!" என்கிறாள் மூத்தவள். கலைக்காரர் தட்டைத் தூக்கிச் சாக்கடைத் தொட்டியில் கவிழ்க்கிறார். இளையவளின் மகள் பிடித்த தாளை இன்னும் இறக்கவில்லை. மூத்தவளின் மகள் அம்மாவின் ஈரப் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொள்கிறாள். "நீ தெரிஞ்சேதான் வச்சே," என்கிறாள். பிறகு இளையவள் பக்கம் போய் நிற்கிறாள். "வாங்க சித்தி, வீட்டுக்குப் போலாம்."