கொம்பன் கொடுத்த வாழைப்பழம்

கொம்பன் யானையும் பக்கத்துக் காட்டு யானையும் யார் பெரியவர் என்று மோதிக்கொண்டதில், வயலில் இருந்த எலி வளையெல்லாம் மண்ணோடு மண்ணாகிப் போயின. செம்பட்டை என்ற எலி குட்டிகளோடு ஓடி, கள்ளிப் புதருக்குள் ஒண்டிக்கொண்டது.

சண்டை ஓய்ந்ததும் கொம்பனுக்கு மனசு இளகிவிட்டது. நிவாரணம் கொடுக்க விழாவே எடுத்தது. தாங்கள் மிதித்து மிதித்துச் சமமாக்கிய வயலைவிட நல்ல மைதானம் எங்கே கிடைக்கும்? அதன் நடுவே நின்று, எலிக்கு ஒரு வாழைப்பழம் வீதம் வழங்கியது. காக்கைக் கூட்டம் வாழ்க வாழ்க என்று கரைந்தது.

தன்னைவிடப் பெரிய பழத்துக்கு அடியில் சிக்கிய செம்பட்டை, மூக்கை மட்டும் எப்படியோ வெளியே நீட்டியது.

"வேற என்ன வேணும்? கூச்சப்படாம கேளும்மா" என்றது கொம்பன்.

"ஐயா, பழம்கூட வேணாங்க. உங்க முன்னங்காலைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா போதும். அதுக்குக் கீழதான் எங்க வீட்டு வாசல். நாங்களே தோண்டிக்கிட்டு உள்ள போயிருவோம்."

கொம்பன் தன் காலைப் பார்த்தது. காக்கைகளைப் பார்த்தது.

"பாவம், பசி மயக்கத்துல என்னமோ உளறுது" என்று சொல்லி, நின்ற இடத்திலிருந்தே இன்னொரு பழத்தை நீட்டியது.