ஐம்பது மீட்டர்

“இன்னிக்குக் காலையில, ஒன்பது நாற்பது. உங்க படகுல வந்த ஒருத்தர் எடுத்தது. பாருங்க.”

கடல் பாதுகாப்பு அதிகாரி தன் கைபேசியை மேசைமேல் திருப்பி வைத்தார். படகுக்காரன் குனிந்து பார்த்தான். பார்க்காமலே அவனுக்குத் தெரியும்.

திரையில் கடல் மினுங்கியது. “அதோ, கடற்பசு!” என்று ஒரு குழந்தை கத்தியது. சாம்பல் நிற முதுகு ஒன்று மெல்ல மேலே வந்தது. படகு அதன்மேல் நகர்ந்தது. ‘டம்’மென்று ஒரு சத்தம். முதுகு புரண்டது, அதில் நீளமாக ஒரு கிழிசல். வால் ஒருமுறை தண்ணீரை அடித்துவிட்டு உள்ளே போனது. குழந்தை அழ ஆரம்பித்ததும் வீடியோ முடிந்தது.

“தோல் கிழிஞ்சு தொங்குது. ரத்தம் தெரியல, அது ஒண்ணுதான் ஆறுதல்” என்றார் அதிகாரி. “எப்படி ஆச்சு?”

“இன்ஜினை அணைச்சிட்டுத்தான் நின்னேன் மேடம். நீரோட்டம் தள்ளிடுச்சு.”

“வேற யாராவது இதைச் சொன்னா நம்ப மாட்டேன். நீங்க சொல்றதால நம்பறேன்.”

நம்பாமல் இருந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சுற்றுலாப் படகுகள் கடற்பசுவிடம் ஐம்பது மீட்டருக்குள் போகக் கூடாது. அதுதான் விதி. மற்றவர்கள் ஆமையைத் துரத்துவார்கள், டால்பினை வளைப்பார்கள். அவன் மட்டும் நூல் பிடித்ததுபோலத் தள்ளியே நிறுத்துவான். கிட்டப் போகச் சொல்லிப் பயணிகள் கெஞ்சினாலும் மசிய மாட்டான். படகுத்துறையில் அவனுக்குப் பட்டப்பெயரே ‘ஐம்பது மீட்டர்’.

“பயிற்சிக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் உங்களைத்தான் உதாரணமாச் சொல்றேன்” என்றார் அதிகாரி. “மத்த படகு எதுக்கும் அது கண்ணுல படறதில்ல. உங்க படகுக்கு மட்டும் தலைகாட்டுது. ஏன்? உங்களை நம்பித்தான் அது அங்க வருது.”

படகுக்காரன் தன் கால் விரல்களைப் பார்த்தான்.

அதிகாரிக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு படம். கலங்கிய நீரில் ஒரு முதுகு, பாதி வால். அவன் படகிலிருந்து எடுத்தது. இந்த அறைக்குள் வரும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தவிர்த்துவிடுவான். இன்று நாற்காலியே அதற்கு நேரெதிரில் கிடந்தது.

“இந்த விரிகுடாவுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதைக் காட்டித்தான், கரையில ஓட்டல் கட்ட வர்றவங்களை எல்லாம் திருப்பி அனுப்பிட்டு இருக்கேன். முதமுதல்ல உங்க படகுலதான் அதைப் பார்த்தேன். ஞாபகம் இருக்கா? வீட்டுக்குப் போய் சின்னப்பிள்ளை மாதிரி எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

அவர் குரல் தடுமாறியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். அறைந்திருந்தாலும் தேவலை. இதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“மேடம், அது வந்து...”

“சொல்லுங்க.”

அவன் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

“அது வலி தாங்கும் மேடம்.”

“தாங்கணும்” என்றார் அவர். “நாளைக்குக் காலையில கால்நடை மருத்துவர் வர்றார். கூடவே முக்குளிக்கிறவங்க ரெண்டு பேர். நீங்கதான் படகு ஓட்டணும். கண்டுபிடிச்சு மருந்து போட்டுட்டோம்னா உங்க உரிமம் தப்பும். கிடைக்கலைன்னா, செத்துப்போச்சுன்னுதான் நான் எழுதியாகணும். அப்புறம் உங்களையும் காப்பாத்த முடியாது, இந்தக் கரையையும் காப்பாத்த முடியாது.”

படகுத்துறையில் மற்ற படகுக்காரர்கள் அவனுக்காகவே காத்திருந்தார்கள்.

“என்ன ஐம்பது மீட்டர், இன்னிக்கு டேப் சுருங்கிடுச்சா?”

“ஊருக்குத்தான் உபதேசம்டா. அண்ணன் மட்டும் மேலயே ஏத்துவாரு.”

“சும்மா இருங்கடா” என்று அதட்டினார் அவர்களில் மூத்தவர். “யானைக்கும் அடி சறுக்கும். நீ போப்பா. இங்க இருக்கிறதுல யோக்கியன் நீ ஒருத்தன்தான். அது எங்களுக்குத் தெரியாதா?”

கேலியைக் கடந்து வந்தவனால் இந்த ஆறுதலைக் கடக்க முடியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கால்கள் தாமாக வேகம் எடுத்தன. ஏறக்குறைய ஓடினான்.

மனைவி கதவைத் திறந்தாள். அவன் உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட்டாள்.

“உரிமம் போச்சா?”

“நாளைக்குத் தெரியும். டாக்டரைக் கூட்டிட்டுத் தேடப் போறாங்க. நான்தான் படகு ஓட்டணுமாம்.”

“ரொம்பத் திட்டினாங்களா?”

“இல்ல. அழுதாங்க.”

அவள் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்து, சாம்பல் நிற ரப்பர் தோலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிழிசலைத் தைக்கத் தொடங்கினாள். பக்கத்தில் கட்டிலில் அவள் தம்பி குப்புறப் படுத்திருந்தான். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு கன்றிப்போயிருந்தது.

“இந்தக் கடற்பசுவுக்காகவா அழுதாங்க?” என்று தலையணையில் முகம் புதைத்தபடியே கேட்டான் அவன். “நிஜமானதை யாருக்கும் தெரியாம மணல்ல புதைச்சமே, அன்னிக்கு நம்மள்ல ஒருத்தராவது அழுதோமா மச்சான்?”