தனிக் குவியல்

"என்ன மெக்கானிக், கையில இருந்ததையெல்லாம் கொட்டிட்டியா? இனி நடுக்குவியல் மட்டும்தான் உனக்கு. மேற்கொண்டு போடுற காயின் தனிக் குவியல். அது எனக்கும் என் பொண்ணுக்கும்!"

சீட்டாட்ட மேசையில் இப்படிச் சொன்ன மேலாளர், மகள் கட்டிக்கொண்ட இந்த மெக்கானிக்கை ஒருநாளும் 'மாப்பிள்ளை' என்று அழைத்ததில்லை.

"இந்த ஆட்டத்துல இவன் என்னை ஜெயிக்கட்டும், மாப்பிள்ளைன்னே கூப்பிடுறேன்!"

மகளை ஆட்டத்தைவிட்டு விரட்டிவிட்டால் எதிரே மிச்சம் இந்தப் பயல்தான். மேலாளர் காதைச் சொறிந்துகொண்டே தன் காயின் அத்தனையையும் தனிக் குவியலாகத் தள்ளினார்.

மகள் அவரையே பார்த்தாள். பிறகு சீட்டைக் கவிழ்த்தாள். "நான் விலகிக்கிறேன்ப்பா."

"புத்திசாலிப் பொண்ணு!"

மெக்கானிக் சீட்டை விரித்தான். வெறும் ஒரு ஜோடி ரெண்டு. மேலாளரிடம் அந்த ஜோடிகூட இல்லை. நடுக்குவியல் மெக்கானிக்குக்குப் போனது. தனிக் குவியலில் மேலாளர் போட்டதைத் தவிர ஒன்றுமில்லை. அதை அவரே அள்ளிக்கொண்டார்.

"உன்கிட்ட என்னம்மா இருந்துச்சு?"

மகள் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று ராஜா.

"பைத்தியமா உனக்கு? நீயில்ல ஜெயிச்சிருப்பே!"

"நான் ஜெயிச்சா இவரை மாப்பிள்ளைன்னு கூப்பிடுவீங்களா? பொய் சொல்லும்போதெல்லாம் காதைச் சொறிவீங்களேப்பா, எனக்குத் தெரியாதா? ம், கூப்பிடுங்க."

"வாங்க... மாப்பிள்ளை," என்றார் மேலாளர், காதைச் சொறிந்துகொண்டே.