ஆட்டம் கண்ட கம்பெனி

“ஓடிப்போயிடுவான்! ராத்திரியோட ராத்திரியா ஷட்டரை இறக்கிட்டு ஓடிப்போயிடுவான், பாத்துக்கிட்டே இரு!”

கீழ் வீட்டில் காலங்காலத்தாலேயே கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. எவனோ யாரையோ கூட்டிக்கொண்டு ஓடப்போகிறான் என்று, பாதித் துணியைக் கொடியில் அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி வரை இறங்கி வந்தேன். கடைசியில் பார்த்தால் ஓடப்போவது டூர் கம்பெனி முதலாளியாம். சப்பென்று போய்விட்டது.

கத்தியவருக்குத் தெருவில் பெயர் சந்தேகம் சார். ஒரு டைல்ஸ் கம்பெனியில் கணக்கர். பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார். மனைவி தையல்காரம்மா. பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பனிமலை பார்க்க ஆசை. ஊரார் துணியெல்லாம் தைத்துச் சேர்த்து, இப்போதுதான் இரண்டு பேருக்கும் டூர் பதிவு செய்திருந்தாள்.

“எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?”

“எதை வச்சா? முன்னெல்லாம் காபி குடுத்தான், இப்ப தண்ணிகூடக் கிடையாது. ஏசி ஓடி எத்தனை நாளாச்சு! முதலாளி ரூம் பூட்டியே கிடக்கு. ஆளுங்க சம்பளம் கேட்டா ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ங்கறான். நாற்காலியைக்கூட ஒண்ணொண்ணா வித்துட்டிருக்கான். ஆட்டம் கண்டுபோச்சும்மா அந்தக் கம்பெனி. பேசாம ரத்து பண்ணு, பணமாவது மிஞ்சும்.”

அடுத்தவன் கடைச் சம்பளக் கதை வரைக்கும் இவருக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சந்தேகம் சாருக்கு மூக்கு அப்படி.

தையல்காரம்மா உதட்டிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். “வாங்க, நேராப் போய்ப் பாத்துடலாம்.”

“எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு…” சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மனிதர் நழுவப் பார்த்தார்.

“போற வழிதானே!”

எனக்கும் அந்தப் பக்கம் மருந்துக்கடையில் ஒரு வேலை இருந்தது. இல்லாவிட்டால்தான் என்ன, ஒரு தலைவலியை வரவழைத்துக்கொள்ள முடியாதா?

டூர் கம்பெனிக் கதவைத் திறந்ததுமே பனிமலை அங்கேயே வந்து உட்கார்ந்த மாதிரி குளிர். பளபளவென்று நாற்காலிகள். முதலாளியே எழுந்து வந்து வரவேற்றார். காபியும் வந்தது, எனக்கும் சேர்த்து.

சந்தேகம் சாரின் மானம் கப்பலேறிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டும், நன்றாக வேண்டும்!

கவுண்டரிலிருந்த பெண், “சார், உங்களுக்குச் சர்க்கரை கம்மிதான் போட்டிருக்கேன். ஏன் நிக்கறீங்க? உங்க சோபா காலியாத்தானே இருக்கு” என்றாள்.

தையல்காரம்மா நிமிர்ந்தாள். “இவரை உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன ஆன்ட்டி! தினமும் இந்நேரத்துக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாரே.”

அழும்பைப் பாருங்கள்! அவன் காபியையே குடித்துக்கொண்டு, அவன் கடையையே வேவு பார்த்து, வீட்டுக்கு வந்து அவனையே திவாலாக்கியிருக்கிறார்.

தையல்காரம்மா அந்தச் சோபாவைப் பார்த்தாள். பிறகு புருஷன் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள். இப்போது விழும் பாட்டு என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், அவள் கவுண்டர் பக்கம் திரும்பி, “எங்க டூரை ரத்து பண்ணிடும்மா” என்றாள்.

எனக்குக் காபி புரையேறியது. ஊசி போன வழியில் நூலும் போய்விட்டதே!

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு, ஊர்க்கோடியில் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். தையல் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவளிடம் கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை.

“அத்தனை ஜோரா நடக்கற கம்பெனியைப் போய் ஆட்டம் கண்டுபோச்சுன்னாரே மனுஷன், அதை நீயும் நம்பினியே!”

அவள் மெஷின்மேல் பழைய போர்வையைப் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

“அவர் சொன்னதெல்லாம் நிஜந்தாங்க்கா. கம்பெனி பேரைத்தான் மாத்திச் சொல்லிட்டார்.”